கட்டட வேலையில் ரோபோ: ஆராய்ச்சிக்குப் புதிதாக வருகிறவர்கள் எங்கே தொடங்கலாம்

சிவில் படித்துவிட்டு ரோபோ பக்கம் வர நினைக்கிறவர்கள், மெக்கானிக்கலோ மெக்கட்ரானிக்ஸோ படித்துவிட்டுக் கட்டட வேலைக்கு ஏதாவது செய்யலாமே என்று யோசிக்கிறவர்கள், இந்த இரண்டு வகையினருக்கும்தான் இதை எழுதுகிறேன். இரண்டு பேருமே பெரும்பாலும் ஒரே கேள்வியோடு வருகிறார்கள்: எந்த ரோபோ வாங்கலாம்? அதைக் கொஞ்ச காலத்துக்குக் கேட்கவே வேண்டாம். இந்தத் துறையில் ஆராய்ச்சியின் பாதிக்கு மேல், எந்த வேலையை எடுப்பது என்று முடிவு செய்வதிலேயே இருக்கிறது. அந்த முடிவு சரியாக அமைந்தால் சாதாரண மோட்டாரும் மலிவான கேமராவும் போதும். பிசகினால், பல லட்சம் கொட்டி ஆறு அச்சு ரோபோக் கை வாங்கினாலும் அது ஆய்வகத்து மூலையில் தூசி படிந்து நிற்கும்.

முதலில் சைட், அப்புறம் ஆய்வகம்

தெரிந்த மேஸ்திரி அல்லது சைட் இன்ஜினியர் மூலமாக ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் அனுமதி வாங்குங்கள். ஒரு நாள் போய்ப் படம் எடுத்துக்கொண்டு வந்தால் ஒன்றும் தெரியாது. ஒரு தளத்துக்கு கான்கிரீட் போட்டு, தண்ணீர் கட்டி, முட்டுப் பிரித்து, சுவர் எழும்புகிற வரைக்கும் விட்டு விட்டாவது போய்வர வேண்டும். வேலை செய்கிற கையை மட்டும் பார்க்காதீர்கள். யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள், பொருள் எங்கிருந்து எப்படி வருகிறது, ஒரே செங்கல் எத்தனை கை மாறுகிறது, ஒருவர் முடித்த வேலையை இன்னொருவர் எப்போது வந்து உடைக்கிறார் (எலக்ட்ரீஷியன் புதுச் சுவரில் காடி வெட்டுவதைப் பார்த்தால் புரியும்) என்பதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதுங்கள்.

செங்கல் கட்டு வேலையையே எடுத்துக்கொள்வோம். செங்கல் அடுக்கும் ரோபோவைப் பற்றி ஆய்வுக் கட்டுரைகள் குவிந்து கிடக்கின்றன. அமெரிக்காவில் சாம் 100 என்ற இயந்திரம் வந்தது, ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் ஹேட்ரியன் எக்ஸ் என்ற பெரிய லாரி ரோபோவை உருவாக்கினார்கள். சாம் 100 தானே கலவை பூசித் தானே கல்லை வைக்கும், சரி. ஆனால் அதற்குக் கல்லும் கலவையும் ஊட்ட ஆள் வேண்டும், மூலை கட்ட வேண்டும், பக்கத்தில் ஒரு கொத்தனார் நின்று இணைப்புகளைத் தேய்த்துச் சீராக்க வேண்டும். இதை நம் ஊர் சைட்டில் வைத்து யோசித்துப் பாருங்கள். இங்கே கலவையும் கல்லும் மாடிக்குப் போவது சித்தாளின் தலையில். அநேகமாகப் பெண்கள். ஒரு சூளைச் செங்கல் ஏறக்குறைய 3 கிலோ. கல் வைக்கும் வேகத்தை இரண்டு மடங்காக்கினால், சுமக்கிறவர் இரண்டு மடங்கு ஏற வேண்டும் என்பதுதான் நேரடி விளைவு. கல்லை மாடிக்குக் கொண்டுபோய்க் கொத்தனாரின் கைக்கு எட்டும் இடத்தில் சேர்க்கிற ஒரு சின்ன வண்டியைப் பற்றி இதில் பத்தில் ஒரு பங்குகூட எழுதப்படுவதில்லை. வீடியோவில் அது அழகாகத் தெரியாது என்பதைத் தவிர எனக்கு வேறு காரணம் தோன்றவில்லை.

இன்னொன்று, ஆய்வகத்தில் எல்லாக் கல்லும் ஒரே அளவாக இருக்கும். சைட்டில் அப்படி இல்லை. இந்தியத் தரமான ஐ.எஸ். 1077, 190 மி.மீ. நீளமுள்ள மாடுலர் செங்கல்லை 20 கல்லாக வரிசையில் வைத்து அளக்கச் சொல்கிறது, 3800 மி.மீ. வர வேண்டும், அதில் 80 மி.மீ. கூடவோ குறையவோ இருக்கலாம். சராசரியாகக் கல்லுக்கு 4 மி.மீ. தரத்துக்குள் வரும் கல்லுக்கே இப்படி. கொத்தனார் இதை நூலைப் பார்த்து, கலவையின் கனத்தைக் கூட்டிக் குறைத்து, யோசிக்காமலே சரிசெய்கிறார். ரோபோவுக்கு அதை யார் சொல்லித்தருவது? கல்லை வைக்கும் முன் அளந்து இணைப்பின் கனத்தை மாற்றுவது ஒரு நல்ல ஆய்வுக் கேள்வி, சைட்டில் உட்கார்ந்தால்தான் அது கண்ணில் படும்.

வீடியோ எடுப்பதற்கு முன் வேலை செய்கிறவர்களிடம் எதற்கு என்று நேராகச் சொல்லிவிடுங்கள். "எங்க வேலைக்கு மெஷின் கொண்டுவரப் போறீங்களா தம்பி?" என்று கேட்பார்கள். மழுப்பாதீர்கள். எந்த வேலையைக் குறைக்கப் பார்க்கிறீர்கள் என்பதைச் சொன்னால், எந்த வேலை அவர்களுக்கு உண்மையிலேயே தோளையும் இடுப்பையும் உடைக்கிறது என்பதை அவர்களே சொல்வார்கள். காசு கொடுத்தாலும் கிடைக்காத தகவல் அது.

பழைய கதையைப் படிக்காமல் இறங்காதீர்கள்

இது புதுத் துறை என்ற நினைப்பு இருந்தால் விட்டுவிடுங்கள். ஜப்பானின் ஷிமிசு நிறுவனம் 1983-லேயே எஃகு உத்திரங்களின் மேல் தீத்தடுப்புப் பூச்சைத் தெளிக்கிற எஸ்.எஸ்.ஆர்-1 ரோபோவைச் சைட்டுக்குக் கொண்டுவந்தது. 1984-ல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஐசார்க் என்ற சர்வதேசக் கருத்தரங்கு தொடங்கியது, இன்றுவரை நடக்கிறது. அடுத்த பத்து வருடத்தில் ஜப்பானியக் கட்டுமான நிறுவனங்கள் நூற்றுக்கும் மேற்பட்ட ரோபோக்களைச் செய்து பார்த்தன: கான்கிரீட் தளத்தைத் தேய்க்க ஒன்று, வெளிச்சுவர் ஓடு ஒழுங்காக ஒட்டியிருக்கிறதா என்று தட்டிப் பார்க்க ஒன்று, சுவர்ப்பலகையைத் தூக்கிப் பொருத்த ஒன்று என்று. அதோடு நிற்கவில்லை. கட்டடத்தின் உச்சியில் கூரையோடு கூடிய ஒரு தொழிற்சாலையையே வைத்து, ஒரு மாடி முடிந்ததும் அதை ஜாக்கியால் மேலே தூக்கி அடுத்த மாடியைக் கட்டுகிற முறைகளையும் கொண்டுவந்தார்கள். ஷிமிசுவின் ஸ்மார்ட், ஒபயாஷியின் ஏ.பி.சி.எஸ். எல்லாம் அந்த வகை. 1990-களின் தொடக்கத்தில் நகோயாவில் 20 மாடி வங்கிக் கட்டடம் ஒன்றை ஸ்மார்ட் முறையில் எழுப்பினார்கள்.

அப்புறம் ஏன் நின்றது? ஜப்பானின் பொருளாதாரக் குமிழி உடைந்தது ஒரு காரணம். ஆனால் நீங்கள் கவனிக்க வேண்டியது மற்ற காரணங்களை. ரோபோ வேலையை வேகமாகச் செய்தது, அதைக் கொண்டுவந்து நிறுத்தி, அளவு பிடித்து, முடிந்ததும் அடுத்த இடத்துக்கு நகர்த்துவதற்குள் மிச்சம் பிடித்த நேரம் போனது. ஒரு ரோபோவுக்கு ஒரே வேலை, அந்த வேலை சைட்டில் வருகிற சில நாட்களைத் தவிர மற்ற நாளெல்லாம் கிடங்கில். பாதுகாப்புக்காக அது ஓடும்போது பக்கத்தில் மற்றவர்கள் நிற்கக் கூடாது, அதனால் மற்ற வேலைகள் தடைப்பட்டன. நாற்பது வருடம் கழித்து இன்று வருகிற கட்டுரைகளிலும் இதே மூன்று ஓட்டைகள் அப்படியே இருக்கின்றன. படிக்கிறபோது "அமைக்கும் நேரம் எவ்வளவு" என்று முதலில் தேடுங்கள். பெரும்பாலும் எழுதியிருக்க மாட்டார்கள்.

ஐசார்க் கட்டுரைகள் 1984-லிருந்து எல்லாமே ஐ.ஏ.ஏ.ஆர்.சி. என்ற சங்கத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இந்தக் கருத்தரங்கு 2007-ல் கொச்சியிலும் 2023-ல் சென்னையிலும் நடந்தது, இரண்டையும் ஏற்று நடத்தியது சென்னை ஐ.ஐ.டி. நீங்கள் எடுத்திருக்கிற வேலையின் பெயரைப் போட்டுத் தேடி, 1980-களின் கட்டுரை ஒன்றையும் போன வருடத்துக் கட்டுரை ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். சென்சார் மாறியிருக்கும், கணினி மாறியிருக்கும், சிக்கல் அநேகமாக அதேதான். இதழ்களில் ஆட்டோமேஷன் இன் கன்ஸ்ட்ரக்‌ஷன் முக்கியமானது, 1992-லிருந்து வருகிறது. கட்டுரையோடு வீடியோ இருந்தால் கட்டாயம் பாருங்கள், அதிலும் மூலையில் சின்ன எழுத்தில் "8 மடங்கு வேகம்" என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

என்னென்ன கிளைகள் இருக்கின்றன

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இதிலேயே தங்கிவிட வேண்டாம். சைட்டில் ஒரே ஒரு வேலையைச் செய்கிற ரோபோ ஒரு கிளை. பாகங்களைத் தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து பொருத்துவது இன்னொன்று. சிங்கப்பூர் இதில் அரசே முன்னின்று தள்ளுகிறது. ஆளில்லாமல் மண் தோண்டும் பெரிய இயந்திரங்கள் மூன்றாவது. ஸ்விட்சர்லாந்தின் ஈ.டி.எச். சூரிச்சில் இப்படி ஒரு தோண்டும் இயந்திரத்தை வைத்து ஒழுங்கில்லாத பாறைக் கற்களைப் பொறுக்கி, கலவையே இல்லாமல் சுவர் அடுக்கியிருக்கிறார்கள். கேமராவும் லைடாரும் (லேசர் ஒளியால் தூரம் அளக்கும் சென்சார்) கொண்டு வேலை எவ்வளவு முடிந்திருக்கிறது என்று பார்ப்பது நான்காவது, கையில் கருவி இல்லாதவர்கள் நுழைய எளிதான வாசல் இதுதான்.

3டி அச்சு பற்றிக் கேட்காதவர்களே இல்லை என்பதால் அதற்கு மட்டும் ஒரு பத்தி. சென்னை ஐ.ஐ.டி.யில் பிறந்த த்வஸ்தா நிறுவனம் 2021-ல் அந்த வளாகத்திலேயே 600 சதுர அடியில் அச்சிட்ட வீட்டைக் காட்டியது. 2023-ல் பெங்களூரு ஹலசூரு பக்கம் கேம்பிரிட்ஜ் லேஅவுட்டில் எல் அண்ட் டி 1,021 சதுர அடி அஞ்சலகத்தை அச்சிட்டுக் கட்டியது, தொழில்நுட்ப ஆலோசனை சென்னை ஐ.ஐ.டி. நல்ல வேலைகள்தான். ஆனால் பொதுவாக அச்சாவது சுவர் மட்டுமே. கூரை, குழாய், மின்கம்பி, கதவு, ஜன்னல் எல்லாம் கையால். இதில் இறங்குகிறவர்கள் ரோபோவை விடக் கலவையோடுதான் அதிகம் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். பம்புக்குள் இளகி ஓட வேண்டும், முனையை விட்டு வெளியே வந்ததும் மேல் அடுக்கின் எடையைத் தாங்கி நிற்க வேண்டும், அதே சமயம் அடுத்த அடுக்கு ஒட்டுகிற அளவுக்கு ஈரமும் இருக்க வேண்டும். கம்பியை எப்படி உள்ளே வைப்பது என்பது தனிச் சண்டை. சிமெண்ட் வேதியியல் பிடிக்குமென்றால் தாராளமாகப் போங்கள், ரோபோ பிடித்து வருகிறவர்கள் ஒரு முறை யோசித்துக்கொள்ளுங்கள்.

வேலையைத் தேர்ந்தெடுப்பது

நல்ல தேர்வுக்கு எனக்குப் பிடித்த உதாரணம் லிஃப்ட் குழி. ஷின்ட்லர் நிறுவனம் செய்த ரைஸ் என்ற ரோபோ, லிஃப்ட் குழியின் சுவரில் நங்கூர போல்ட்டுக்குத் துளை போட்டு போல்ட்டைப் பொருத்துகிறது. ஏன் அந்த வேலை என்று பாருங்கள். குழிக்குள் வேறு யாருக்கும் வேலை இல்லை, அதனால் யாரும் குறுக்கே வர மாட்டார்கள். நான்கு பக்கமும் சுவர், தான் எங்கே இருக்கிறோம் என்று ரோபோ கண்டுபிடிப்பது எளிது. அதே மாதிரித் துளை நூற்றுக்கணக்கில் வருகிறது. மனிதன் செய்தால் உயரத்தில் தொங்கிக்கொண்டு, தூசியில், காது அடைக்க. ரோபோ நகர்வதற்குச் சக்கரமோ காலோ வேண்டாம், மேலிருந்து கயிறு கட்டி இறக்கினால் போதும். குறுக்கே வரும் ஆட்கள், இடம் கண்டுபிடிப்பது, நகர்வது என்ற மூன்று பெரிய தலைவலிகளை வேலையைத் தேர்ந்தெடுத்த விதத்திலேயே முடித்துவிட்டார்கள்.

கட்டுமானக் கருவிகள் செய்யும் ஹில்டி நிறுவனம் 2020-ல் அறிவித்த ஜெய்பாட் ரோபோவும் அந்த ரகம். கூரையில் துளை போடும் வேலை. அண்ணாந்து கையைத் தூக்கிக்கொண்டே நாள் முழுக்க டிரில் பிடித்தவரின் தோளைக் கேட்டால் தெரியும். துளைகளின் இடம் பிம் மாதிரியில் (கட்டடத்தின் எல்லா விவரமும் அடங்கிய கணினி மாதிரி) ஏற்கெனவே இருக்கிறது, ரோபோ அதைப் படித்துக்கொண்டு போட்டுவிடுகிறது. கவனியுங்கள், ரோபோவை இடம் மாற்றுவது மனிதர்தான். எல்லாவற்றையும் தானியங்கியாக்க அவர்கள் ஆசைப்படவில்லை.

ஆக, நீங்கள் பார்த்த வேலைகளை வரிசையாக எழுதி ஒவ்வொன்றிடமும் கேளுங்கள்: இது எத்தனை முறை திரும்ப வருகிறது? எங்கே செய்ய வேண்டும் என்ற தகவல் வரைபடத்தில் இருக்கிறதா, இல்லை மேஸ்திரி மனதில் இருக்கிறதா? எத்தனை மி.மீ. தவறு பொறுக்கும்? பிழை வந்தால் துடைத்துவிட்டுத் திரும்பச் செய்யலாமா, இடிக்க வேண்டுமா? அந்த நேரத்தில் அங்கே வேறு யார் நிற்பார்கள்? மனித உருவ ரோபோ இந்தக் கேள்விகளையெல்லாம் தாண்டிவிடும் என்று யாராவது சொன்னால், ஜப்பானின் ஏ.ஐ.எஸ்.டி. ஆய்வு நிறுவனம் 2018-ல் காட்டிய எச்.ஆர்.பி-5பி ரோபோ ஒரு ஜிப்சம் பலகையை எடுத்துச் சுவரில் திருகுகிற வீடியோவைப் பொறுமையாக முழுசாகப் பாருங்கள். அசர வைக்கிற ஆராய்ச்சி, ஆனால் உங்கள் முதல் திட்டம் அது அல்ல.

மென்பொருள்: எதைக் கற்றுக்கொள்வது

உபுண்டு லினக்ஸ், பைத்தான், ராஸ் 2. இந்த வரிசையில். ராஸ் என்பது ரோபோவின் சென்சார், மோட்டார், கணக்குப் பகுதிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள உதவும் இலவச மென்பொருள் தொகுப்பு. புதிதாகத் தொடங்குகிறவர்கள் உபுண்டு 24.04-ல் ராஸ் 2 ஜாஸி பதிப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். இணையத்தில் தேடினால் வருகிற பாடங்களில் பெரும்பகுதி ராஸ் 1-க்கு எழுதியவை. அதன் கடைசிப் பதிப்பான நோயெட்டிக்கின் ஆயுள் 2025 மே மாதத்தோடு முடிந்துவிட்டது. கஸீபோ சிமுலேட்டரின் பழைய கிளாசிக் பதிப்பும் அதே வருடம் ஜனவரியில் முடிந்தது. பாடத்தின் தேதியைப் பார்க்காமல் உட்கார்ந்தால் ஒரு வாரம் வீணாகும்.

கட்டட வரைபடத்தைப் படிக்க ஐ.எஃப்.சி. கோப்பு வடிவம் பழக வேண்டும். பிம் மென்பொருள்கள் ஒன்றுக்கொன்று கொடுத்து வாங்கும் பொது வடிவம் அது, ஐ.எஸ்.ஓ. 16739 தரம். இஃப்க்ஓப்பன்ஷெல் என்ற இலவச பைத்தான் நூலகத்தால் ஒரு கோப்பைத் திறந்து எல்லாச் சுவர்களின் நீள அகலத்தையும் இடத்தையும் பட்டியலாக எடுத்துவிடலாம். மெக்கானிக்கல்காரர்கள் இதைத் தவிர்க்கப் பார்ப்பார்கள், தவிர்க்காதீர்கள், இந்தத் துறையில் உங்களைத் தனியாகக் காட்டப்போவதே இதுதான். சிவில்காரர்களுக்கு ஆயங்களை ஒரு சட்டகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் கணிதம் (சுழற்சி அணி, இடப்பெயர்ச்சி) அதே அளவு முக்கியம்.

ரோபோவே இல்லாமல் தொடங்க வேண்டுமென்றால் ஹில்டி நிறுவனம் 2021 முதல் நடத்திய ஸ்லாம் போட்டிகளின் (ரோபோ தான் இருக்கும் இடத்தையும் சுற்றுப்புற வரைபடத்தையும் ஒரே நேரத்தில் கண்டுபிடிப்பதுதான் ஸ்லாம்) தரவு பொதுவில் இருக்கிறது. உண்மையான சைட்டுகளில் கேமராவும் லைடாரும் கொண்டு பதிவு செய்தவை. ஓப்பன்3டி, கிளவுட்கம்பேர் என்ற இரண்டு மென்பொருளும் புள்ளி மேகத்தை (லைடார் தரும் முப்பரிமாணப் புள்ளிகளின் தொகுப்பு) திறந்து பார்க்க, அளக்க, ஒப்பிட. ஒரு லேப்டாப் போதும்.

ஒரு திட்டத்தை எடுத்துச் செய்து பார்ப்போம்: தளத்தில் மார்க்கிங்

சுவர் எழுப்பும் முன் தளத்தில் கோடு போடுகிற வேலையைத்தான் முதல் திட்டமாகச் சொல்வேன். மேஸ்திரியும் இரண்டு ஆட்களும் டேப், மூலைமட்டம், சாயநூல் வைத்துச் செய்வது. மேலே சொன்ன கேள்விகளுக்கு அருமையாகப் பொருந்துகிறது: தகவல் வரைபடத்தில் இருக்கிறது, எடை தூக்க வேண்டாம், யாரையும் அடித்துவிடாது, தவறாகப் போட்டால் அழிக்கலாம். அமெரிக்காவில் டஸ்டி ரோபாட்டிக்ஸ், எச்.பி. ஆகியவை இதை விற்கவே செய்கின்றன. டஸ்டி சொல்லும் துல்லியம் 1/16 அங்குலம், அதாவது சுமார் 1.6 மி.மீ. "அப்படியானால் ஆராய என்ன மிச்சம்?" நம் ஊர்த் தளத்தில் அதை விட்டுப் பார்த்தால் நிறைய மிச்சம்.

வண்டி எளிது. இரண்டு சக்கரம், என்கோடர் (சுழற்சியை எண்ணும் சென்சார்) உள்ள மோட்டார், ஒரு ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினி, நடுவில் மேலும் கீழும் போகும் ஒரு மார்க்கர் பேனா. இதைச் செய்துவிட்டு வகுப்பறைத் தரையில் 4 மீட்டர் சதுரம் ஓட விடுங்கள். கடிகாரச் சுற்றாக ஐந்து முறை, எதிர்ச்சுற்றாக ஐந்து முறை. கிளம்பிய இடத்துக்கும் வந்து நின்ற இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அளந்து எழுதுங்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1990-களில் உருவான சோதனை இது, சக்கர விட்டத்தின் சிறு வேறுபாடும் சக்கரங்களுக்கு இடையிலான தூரத்தின் பிழையும் தனித்தனியாகத் தெரிந்துவிடும். எவ்வளவு சரிசெய்தாலும் சக்கரத்தை மட்டும் நம்ப முடியாது என்பதும் தெரியும். திசையில் 1 டிகிரி பிசகினால் 10 மீட்டர் போவதற்குள் 17 செ.மீ. விலகிவிடும். சுவர் அங்கே போய்விட்டால் கதவு எங்கே வைப்பது?

எனவே வெளியிலிருந்து ஒரு கண் வேண்டும். கல்லூரி சர்வே ஆய்வகத்தில் டோட்டல் ஸ்டேஷன் இருக்கும், கோணத்தையும் தூரத்தையும் சேர்த்து அளக்கும் கருவி அது. 5 ஆர்க்செகண்ட் கருவி என்றால் 50 மீட்டரில் கோணத்தால் வரும் பிழை 1.2 மி.மீ.தான். இலக்காக வைக்கும் பிரிசம் என்ற பிரதிபலிப்பானைத் தானே துரத்தும் ரோபாட்டிக் வகை இருந்தால் அதிர்ஷ்டம். இல்லையென்றால் வண்டியை நிறுத்தி நிறுத்திக் கையால் அளந்து திருத்துங்கள், முதல் கட்டத்துக்கு அது போதும்.

பிரிசத்தை எங்கே பொருத்துவது என்ற இடத்தில் கொஞ்சம் நிதானியுங்கள். பிரிசம் ஓரிடம், பேனா அதற்கு 15 செ.மீ. பின்னால் என்று வைத்தால், திசையில் 1 டிகிரி பிழைக்கே பேனா முனை 2.6 மி.மீ. தள்ளிப்போகும். அதனால் பேனாவுக்கு நேர் மேலே பிரிசம். சரி, எவ்வளவு உயரத்தில்? ஒரு மீட்டர் கம்பத்தில் வைத்தால் டோட்டல் ஸ்டேஷனுக்கு நன்றாகத் தெரியும், ஆனால் தளம் சமமாக இருக்காது. அரை டிகிரி சாய்ந்தாலே 8.7 மி.மீ. பிழை. தாழ்த்தி வைத்தால் சாய்வுப் பிழை குறையும், நடந்து போகிறவர்களின் காலும் தூண் கம்பிகளும் மறைத்துக்கொண்டே இருக்கும். இரண்டுக்கும் நடுவே எங்கே நிற்பது, ஒரு சாய்வு சென்சார் போட்டுக் கணக்கில் திருத்தினால் எவ்வளவு மீட்கலாம் என்பதை மட்டும் ஒழுங்காக அளந்து எழுதினாலே ஒரு கருத்தரங்குக் கட்டுரை தேறும்.

இப்போது உண்மையான தளத்துக்குப் போங்கள். கான்கிரீட் போட்ட மறுநாள் பாத்தி கட்டித் தண்ணீர் தேக்கியிருப்பார்கள், வண்டி போகாது, மையும் ஒட்டாது. தண்ணீர் இறங்கிய பிறகு பார்த்தால் மேல் தளத்துக்கான சென்ட்ரிங் முட்டு காடு மாதிரி நிற்கும். முட்டுப் பிரித்த பிறகு சிமெண்ட் தூசி, ஆணி, கட்டுக்கம்பித் துண்டுகள். எந்த நாளில் தளம் காலியாக இருக்கிறது, அந்த இடைவெளி எத்தனை மணி நேரம் என்பதுதான் உங்கள் ரோபோவின் உண்மையான விவரக்குறிப்பு. பெருக்குவதற்கு ஆகிற நேரத்தையும் ரோபோவின் கணக்கிலேயே எழுதுங்கள், அதுதான் நியாயம்.

கடைசியாக வருகிறது இந்தத் திட்டத்தின் மிகச் சுவையான சிக்கல். வரைபடத்தில் தூண் ஓரிடத்தில் இருக்கும், சைட்டில் அது 20 மி.மீ. தள்ளி நிற்கும். சுவர்க் கோட்டை வரைபடப்படி போடுவதா, நிற்கிற தூணுக்குப் பொருத்தமாகப் போடுவதா? வரைபடப்படி போட்டால் தூணின் ஒரு பக்கம் பூச்சு கனமாகும் அல்லது சுவர் வெளியே துருத்தும். தூணுக்குப் பொருத்தினால் அறையின் அளவு குறையும், டைல்ஸ் வெட்ட வேண்டிவரும். மேஸ்திரி இதை ஒரு நிமிடம் பார்த்து, "இந்தப் பக்கம் பாத்ரூம், இங்க அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" என்று முடிவு செய்வார். அந்த முடிவுக்குப் பின்னால் இருக்கிற விதிகளை நான்கைந்து மேஸ்திரிகளிடம் கேட்டு எழுதி, தூண்கள் நிற்கிற இடத்தை அளந்து, எங்கே எவ்வளவு தள்ளுவது என்று மென்பொருள் யோசனை சொல்லி, ஒப்புதலை மேஸ்திரியிடமே விட்டால் எப்படி இருக்கும்? நான் ஒரு எம்.டெக். மாணவருக்கு ஒரே ஒரு தலைப்பு கொடுக்க வேண்டுமென்றால் இதைத்தான் கொடுப்பேன். மோட்டாருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

அளப்பதில் நேர்மை

ரோபோ வழிகாட்டுதலுக்குப் பயன்படுத்திய அதே டோட்டல் ஸ்டேஷன் நிலையிலிருந்தே அதன் கோட்டைச் சரிபார்க்காதீர்கள்; கருவியை வேறிடத்தில் நிறுத்தி, புதிதாக அமைத்து அளந்து பாருங்கள். அதே நிலையிலிருந்து அளந்தால், அந்த அமைப்பில் இருக்கிற பிழை கோட்டிலும் சரிபார்ப்பிலும் ஒரே மாதிரி வந்து கண்ணை மறைத்துவிடும். சராசரிப் பிழையோடு மிக மோசமான பிழையையும் சொல்லுங்கள், ஏனென்றால் சுவர் நிற்பது ஒவ்வொரு கோட்டின் மேலும்தான், சராசரியின் மேல் அல்ல. நேரத்தை அளக்கும்போது பெட்டியிலிருந்து ரோபோவை எடுத்ததிலிருந்து திரும்பப் பெட்டியில் வைத்த வரைக்கும் அளந்து, ஓடிய நேரம், அமைத்த நேரம், தடுமாறி நின்ற நேரம் என்று பிரித்துப் போடுங்கள். அதே தளத்தின் இன்னொரு பகுதியை மேஸ்திரியின் குழு வழக்கம்போல் செய்ததையும் அதே மாதிரி அளந்தால்தான் ஒப்பீடு. முதல் முறை மேஸ்திரி ஜெயிப்பார். அதை மறைக்க வேண்டாம்.

பாதுகாப்பில் ஒரு விஷயம்: கை வைத்த ரோபோ எதையும் மனிதர்கள் இருக்கிற இடத்தில் ஓட்டும் முன் ஐ.எஸ்.ஓ. 10218 தரத்தைப் படிக்க வேண்டும். தொழிற்சாலை ரோபோக்களுக்கானது, 2025-ல் புதுப்பித்து மனிதரோடு சேர்ந்து வேலை செய்யும் ரோபோக்களுக்கான விதிகளையும் அதில் சேர்த்திருக்கிறார்கள். அவசர நிறுத்தப் பொத்தான் உங்கள் கையில் மட்டும் இருந்தால் போதாது, பக்கத்தில் வேலை செய்கிறவருக்கும் எட்ட வேண்டும், அது எங்கே இருக்கிறது என்று அவருக்கு அவர் பேசும் மொழியில் சொல்லியிருக்க வேண்டும். இன்று சென்னை சைட்டில் இந்தி, ஒடியா, வங்காளி பேசுகிறவர்கள் நிறைய.

எங்கே படிக்கலாம், எப்படிக் கேட்கலாம்

இந்தியாவில் சென்னை ஐ.ஐ.டி. சிவில் துறையின் கட்டடத் தொழில்நுட்பம், கட்டுமான மேலாண்மைப் பிரிவில் இந்த வேலை நீண்ட காலமாக நடக்கிறது. வெளிநாட்டில் ஈ.டி.எச். சூரிச் கட்டடக்கலையிலிருந்து வருகிறது. டூபென்டார்ஃபில் 2019-ல் திறந்த டிஃபேப் ஹவுஸ் வீட்டில் ஒரு நடமாடும் ரோபோ கம்பியை வளைத்து, வெட்டி, பற்றவைத்துச் சுவரின் வலைக்கூட்டைச் சைட்டிலேயே செய்தது. ஆகன் ஆர்.டபிள்யூ.டி.எச். பல்கலைக்கழகத்தில் கட்டுமானத்துக்கும் ரோபோவுக்கும் சேர்த்தே ஒரு முதுநிலைப் படிப்பு இருக்கிறது. அமெரிக்காவில் மிச்சிகனும் கார்னெகி மெலனும், ஹாங்காங்கில் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் இதில் வலுவானவை. கட்டடக்கலைத் துறை, சிவில் துறை, ரோபோத் துறை மூன்றும் ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு விஷயத்தைச் செய்கின்றன. விண்ணப்பிக்கும் முன் அந்தக் குழுவின் கடைசி நான்கு கட்டுரைகளையாவது படித்து, உங்களுக்குச் சரிப்படுமா என்று பாருங்கள்.

பேராசிரியர்களுக்கு எழுதும்போது "எனக்கு ரோபாட்டிக்ஸில் மிகுந்த ஆர்வம்" என்று தொடங்கும் கடிதத்தை விட, ஒரு பக்கத்தில் நீங்கள் சைட்டில் பார்த்த ஒரு வேலை, அதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது, பிழை எத்தனை மி.மீ. வரை போகிறது என்று நீங்களே அளந்த ஒரு அட்டவணை, அதோடு ஒரு கேள்வி, இவ்வளவு அனுப்புங்கள். ரோபோ இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அட்டவணை இருக்கட்டும். அது இல்லையென்றால் முதலில் ஒரு டேப்பும் நோட்டும் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள், ஹெல்மெட்டை மறக்காதீர்கள்.